அப்பம் நடுவில் ஏன் வளர்ந்தது? பட நூல் பதிப்பாளர்களுக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

சிறுவர் பட நூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், பள்ளி நூலகங்களுக்கு நூல் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

பட நூல்களுக்குக் கதை எழுதுவோர், படம் வரைவோர், பக்கம் கட்டுவோர், வகுப்பறையில் வாசித்துக் காட்டுவோர் என்று சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சாப்பாட்டையும் பேராசையையும் பற்றிய பட நூல்களைக் குறித்து மட்டும்தான் பேசப்போகிறோம். அதிலேயே சொல்ல நிறைய இருக்கிறது.

ஒரு வார்ப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் பக்கத்தில் ஒரு குண்டுப் பையன். சட்டைப் பொத்தான் தெறித்து நிற்கிறது. லட்டு தின்கிறான், ஜிலேபி தின்கிறான், பக்கத்துக்குப் பக்கம் வயிறு ஊதுகிறது. பிறகு வயிற்றுவலி, கஷாயம், சுற்றி நின்று சிரிக்கும் நண்பர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். அதற்குள் ‘நீதி: பேராசை பெருநஷ்டம்’. யானையை வைத்தும் பன்றியை வைத்தும் ராஜாவை வைத்தும் இதே கதை வருகிறது. இந்த வார்ப்பை உடைத்துப் போடுங்கள் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை. இதில் பேராசை எங்குமே இல்லை. ஒரு பிள்ளைக்கு லட்டு பிடிக்கிறது, அளவு தெரியாமல் தின்றுவிட்டான், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. படம் மட்டும் அவன் உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

இந்த நூல்கள் யார் கைக்குப் போகின்றன என்று பாருங்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்த நாளிலிருந்து நம் அரசுப் பள்ளிகளில் சோறு பாடவேளையைப் போலவே அன்றாட நடப்பு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் தடவை தட்டை நீட்டும் பிள்ளை அங்கே தினமும் உண்டு. வளர்கிற வயது, பசி. அந்தப் பிள்ளை மதியம் நூலக மூலையில் உட்கார்ந்து, ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பவனைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும் படத்தைப் புரட்டினால், நாளைக்குத் தட்டை நீட்டுமா? அடுத்த பெஞ்சில் இருப்பவன் அதற்குப் பட்டப்பெயர் வைக்காமல் விடுவானா? ‘தின்னிப்பண்டாரம்’ என்ற சொல்லை இன்னும் அச்சில் பார்க்கிறோம். பண்டாரம் என்பது ஒரு சமூகத்தின் பெயரும்கூட என்பது மெய்ப்புப் பார்க்கிறவருக்காவது உறைக்க வேண்டும்.

நிறையச் சாப்பிடுவது பேராசை என்று நம் பழைய கதைகள் சொல்லவில்லை. தொந்திப் பிள்ளையார் கையில் கொழுக்கட்டையோடுதான் இருக்கிறார். அவரைப் பேராசைக்காரர் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. வண்டிச் சோற்றைத் தனியாகத் தின்று தீர்த்துவிட்டு பகாசுரனைக் கொன்ற வீமன் நமக்கு வீரன். மணிமேகலையில் வரும் காயசண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். அதை உண்டு வாழும் முனிவர் சபிக்க, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றிக்கொண்டது. காவியம் அவளைப் பார்த்து ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடியில் அந்தத் தீ அணைந்தது. அமுதசுரபிக்கு முதல் பிச்சையை ஆதிரையின் வீட்டில் வாங்கு என்று வழி காட்டியவளே காயசண்டிகைதான். அடங்காப் பசிக்காரிக்குத்தான் யார் மனமுவந்து இடுவார்கள் என்பது தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தான் தெறிக்கும் சட்டையை நாம் வரைந்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் பேராசையைப் படத்தில் எப்படித்தான் காட்டுவது? ஒரே சட்டகத்துக்குள் மூன்று இருக்க வேண்டும்: உணவு, அதை எடுக்கும் கை, அதே உணவுக்காகக் காத்திருக்கும் இன்னொரு கண். எடுப்பவர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார் என்பதும் படத்தில் தெரிய வேண்டும். காத்திருக்கும் கண் இல்லையென்றால் அது வெறும் விருப்பம். கண் இருந்தும் எடுப்பவர் கவனிக்கவில்லையென்றால் அது மறதி. மூன்றும் கூடிய படத்தில் எடுப்பவர் ஒல்லிக்குச்சியாக இருந்தாலும் ஐந்து வயதுப் பிள்ளை ‘ஐயோ, அதுக்கு இல்லாம போச்சே’ என்று சொல்லிவிடும். படம் சொல்லிவிட்ட இடத்தில் கட்டம் கட்டிய நீதிக்கு வேலை இல்லை.

இதற்கு நம்மிடம் உள்ளதில் சிறந்த கதை இரண்டு பூனையும் குரங்கும் அப்பம் பங்கிட்ட கதை. எல்லாரும் போட்டாயிற்று என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அப்பம் பக்கத்துக்குப் பக்கம் குறைய வேண்டும். கண்ணளவாக வரைவதால் ஆறாம் பக்கத்தில் கையளவு இருந்தது எட்டாம் பக்கத்தில் மறுபடி தட்டளவு வளர்ந்து நிற்கிறது. பெரியவர்கள் எழுத்தைப் படித்துக்கொண்டு போவதால் இது கண்ணில் படுவதில்லை. பிள்ளைகள் படத்தைப் படிக்கிறார்கள், உடனே கேட்டுவிடுவார்கள்.

16 பக்கப் புத்தகத்துக்கு ஒரு கணக்கைத் தருகிறோம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் ஒரு வட்டம் வெட்டி அதைப் 16 சம துண்டாகக் கோடிடுங்கள். அதுதான் முழு அப்பம். பூனைகள் பிய்த்ததில் இடப்பக்கம் 9 துண்டு, வலப்பக்கம் 7. இடத்தட்டு தாழ்கிறது. குரங்கு இடப்பக்கத்தில் 3 துண்டைக் கடிக்கிறது: 6-க்கு 7. இப்போது வலம் தாழ்கிறது, அதில் 2: 6-க்கு 5. பிறகு ஒவ்வொரு கடிக்கும் இரண்டிரண்டாக 4-க்கு 5, 4-க்கு 3, 2-க்கு 3, 2-க்கு 1. மொத்தம் ஆறு கடி, 13 துண்டு வயிற்றுக்குள். மிச்சம் 3 துண்டும் ‘பங்கு வைத்த கூலி’ என்று போய்விடும். ஒரு கடிக்குப் போதுமான அளவுக்கு மேல் ஒரு துண்டு கூடுதலாகக் கடித்தால்தான் தராசு மறுபக்கம் சாயும். அதனால்தான் இந்த எண்கள். சரியாகக் கடித்திருந்தால் இரண்டாம் கடிக்கே இடமில்லை. குரங்கின் கள்ளத்தனம் முழுக்க அந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது. படத்தில் துண்டுகளின் ஓரத்தை நேர்கோடாக விடாமல் பல் பதிந்த வளைவாக வரையுங்கள். பரப்பு மட்டும் அட்டையோடு ஒத்துப்போனால் போதும்.

இதைப் பக்கங்களில் எப்படி வைப்பது? ஒரு பாரம், அதாவது சேர்த்து மடிக்கும் ஒரு கட்டு, 16 பக்கம், நடுவில் பின். 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம். 3-இல் இரண்டு பூனையும் அப்பத்தைக் காண்கின்றன. 4-5 சண்டை. 6-7 குரங்கு தராசோடு வருகிறது. 8-9 தராசு. பின் அடிக்கும் புத்தகத்தில் 8-ஆம் பக்கமும் 9-ஆம் பக்கமும்தான் ஒரே தாளில் ஒரே முகத்தில் அடுத்தடுத்து அச்சாகும். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாளில் அச்சாகி மடிப்பில் சந்திப்பவை. அவற்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகல் சாதாரணம். ஆகவே தராசை நடுப்பக்கத்தில் விரியுங்கள். தராசின் முள் சரியாக மடிப்புக் கோட்டில் நிற்கட்டும், இடத்தட்டு 8-இல், வலத்தட்டு 9-இல். புத்தகத்தின் முதுகெலும்பே தராசுத் தண்டாகிவிடும். பிறகு 10 முதல் 15 வரை பக்கத்துக்கு ஒரு கடி, ஆறு பக்கம், ஆறு கடி. 15-ஆம் பக்கம் வலப்பக்கம். அங்கே ‘மீதி?’ என்ற ஒரே சொல். தாளைப் புரட்டினால் 16: இரண்டு வெறும் தட்டு, இரண்டு பூனை.

எல்லாம் சரியாக வந்து, அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு முன்னுரை வந்து சேரும். அணிந்துரையோ வாழ்த்துரையோ, பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். அதை 3-ஆம் பக்கத்தில் நுழைத்ததும் கதை ஒரு பக்கம் தள்ளிப்போகும். ‘மீதி?’ இடப்பக்கம் போய்விடும், விடை அதன் எதிரிலேயே தெரியும். புரட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. தராசு முள்ளும் மடிப்பை விட்டு நகர்ந்திருக்கும். கேள்வி எப்போதும் ஒற்றைப்படை எண் பக்கத்தில், விடை புரட்டிய பின் இரட்டைப்படைப் பக்கத்தில் என்பதுதான் பட நூலின் அடிப்படை. வாழ்த்துரை கட்டாயம் என்றால் பின்னட்டையில் நான்கு வரி போடுங்கள். இன்னொன்று, 16-ஆம் பக்கத்துக்கு எதிரே இருப்பது பின்னட்டையின் உட்பக்கம். வெறும் தட்டைப் பார்த்து நிற்கும் பூனைகளுக்கு எதிரே ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று விலைப்பட்டியலைப் போடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு நிறத்தை மட்டும் பரப்பிவிட்டால் போதும்.

அந்தக் கதையில் வருவது அப்பம். வெல்லமும் அரிசிமாவும் கலந்து சுட்டது, தடிமனாக இருக்கும். பல படங்களில் ஓரம் வலைபோல் இருக்கும் ஆப்பத்தை வரைந்திருக்கிறார்கள். ஆப்பத்தைக் கிழிக்கலாம், எடை போட முடியாது. இதிலிருந்து உணவை வரைவதில் நடக்கும் பிழைகளுக்கு வருகிறோம். எங்களுக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான்.

பாட்டி வடை சுட்ட கதையில் காக்கையின் வாயில் இருப்பது பல புத்தகங்களில் டோனட். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் படக்கிடங்கில் ‘ஓட்டையுள்ள வட்டத் தின்பண்டம்’ என்று தேடினால் அதுதான் வரும். நிறத்தை மட்டும் பழுப்பாக்கிக் காக்கையின் அலகில் செருகிவிடுகிறார்கள். உளுந்து வடைக்கு ஓட்டை உண்டு, நடுப்பகுதியும் எண்ணெயில் வேக வேண்டும் என்பதற்காக. ஓட்டை நடுவில் கச்சிதமாக இருக்காது, விரலால் குத்தியது, கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பருப்பு வடைக்கு ஓட்டையே இல்லை. ஓரத்தில் பருப்பு துருத்திக்கொண்டிருக்கும். காக்கை தூக்கிக்கொண்டு பறக்க உளுந்து வடையே வசதி என்பதால் அதையே வரையலாம் என்பது எங்கள் கட்சி.

இட்லியைப் பன் மாதிரி உப்ப வைக்காதீர்கள். துணி போட்டு அவித்த இட்லியின் அடியில் நெசவின் தடம் இருக்கும். அதை நாலு மெல்லிய கோட்டில் காட்டினாலே பிள்ளை ‘எங்க வீட்டு இட்லி’ என்று சொல்லும். பழைய சோற்றின் மேல் ஆவி வரையக் கூடாது. சிரிக்காதீர்கள், நிறையப் புத்தகங்களில் பறக்கிறது. வாழையிலையில் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும், அகன்ற பக்கம் வலம். உப்பும் ஊறுகாயும் இட ஓரத்தில், தொடுகறிகள் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். ஓவியர்கள் இதைச் சரியாகத்தான் வரைகிறார்கள். பக்கம் கட்டும்போது எழுத்துக்கு இடம் வேண்டுமென்று படத்தைக் கண்ணாடி பார்த்ததுபோல் திருப்பிப் போடுகிறார்கள். அந்த ஒரு சொடுக்கில் நுனி வலப்பக்கம் போய், பந்தியில் உள்ள அத்தனை பேரும் இடக்கையால் சாப்பிடுகிறார்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று பந்தியில் இருந்தால் நல்லது, வேண்டுமென்றே வரையுங்கள். ஊரே இடக்கையாக மாறுவது வேறு விஷயம். சாப்பாட்டுப் படத்தைத் திருப்பிப் போடுவதில்லை என்று ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் புலம்பெயர்ந்த வீடுகளுக்கும் போகும் நூலானால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. தேங்காய்ச் சட்னி வேறு, சம்பல் வேறு. இடியப்பத்துக்குப் பக்கத்தில் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பார் வாளியை வைத்தால் அங்குள்ள பிள்ளைக்கு அது வேற்றூர்ப் பந்தி. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைப் பலாவிலையில் கோலிக் குடிப்பதுண்டு. அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மேசைக்கரண்டி போட்டு வரைந்தால் கதை செத்துப்போகும். இரண்டு கரைக்கும் பொதுவான நூல் வேண்டுமென்றால் ‘சோறு’ என்று எழுதுங்கள். ‘சாதம்’ எல்லா வீட்டுச் சொல்லும் அல்ல.

இறைச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல பிள்ளையின் தட்டில் காய்கறி, பழம், பால். அரக்கனின் கையில், பேராசைக்கார ராஜாவின் கையில், ஒரு பெரிய கோழிக்கால். அந்தக் கால்கூட நம் ஊர்க் கோழியுடையதில்லை, வெள்ளைக்காரர்களின் விருந்துப் படத்தில் வரும் வான்கோழியின் கால். முட்டை பள்ளியிலேயே போடுகிறார்கள், மீனும் கருவாடும் கறியும் பெரும்பாலான வீட்டில் உண்டு. இருந்தும் அவை நல்லவர் தட்டில் ஏறுவதில்லை, கெட்டவர் கையில் மட்டும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு தின்ற பிள்ளைக்கு இது என்ன சொல்கிறது? பேராசைக்காரன் கையில் ஒரு மாம்பழக் கூடையைக் கொடுங்கள். அன்பான ஆத்தா மீன் முள்ளெடுத்து ஊட்டட்டும். இது செலவில்லாத திருத்தம். தேர்வுக் குழுவினர் இதை எழுதிக் கேட்டால் அடுத்த பதிப்பிலேயே வந்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். ‘சாப்பிட்டான். மேலும் சாப்பிட்டான். மேலும் மேலும் சாப்பிட்டான்.’ இது என்ன தமிழ்? உண்பது, தின்பது, நக்குவது, பருகுவது என்று உணவையே நான்காகப் பிரித்த மொழி இது. முறுக்கைக் கடிக்கிறோம், பொரிகடலையைக் கொறிக்கிறோம், மாங்கொட்டையைச் சப்புகிறோம், கரும்பை மென்று சக்கையைத் துப்புகிறோம், பனங்கிழங்கை நார் உரித்துத் தின்கிறோம், நுங்கை விரலால் நோண்டி உறிஞ்சுகிறோம், கூழைக் குடிக்கிறோம், புறங்கையில் வழிந்த பாயசத்தை நக்குகிறோம். உணவுக்கு ஒரு வினை என்று வைத்தாலே பக்கத்துக்குப் பக்கம் ஓசை மாறிவிடும். ‘நொறுக் நொறுக்’, ‘சர்ர்ர்’, ‘லபக்’, ‘அவக் அவக்’ என்ற ஒலிச்சொற்களைக் கூச்சப்படாமல் போடுங்கள். வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்துவது அந்த இடங்களில்தான். முதல் நிலை வாசகருக்குப் பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாக்கியம், வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல் போதும். திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று இருக்கட்டும்; மூன்றாம் முறை வரும்போது எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அதைப் ‘படிக்கும்’. வரி முடிவில் சொல்லை வெட்டாதீர்கள். ‘வாழைப்பழத்தோ’ என்று ஒரு வரியும் ‘டு’ என்று அடுத்த வரியும் இருந்தால், அதைக் கூட்டிப் படிக்கும் பிள்ளை பாதியில் இறங்கிப்போய்விடும்.

இப்போது அச்சு. திரையில் நாக்கில் எச்சில் ஊறவைத்த படம் அச்சில் நாள்பட்ட சாப்பாடுபோல் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அச்சின் நாலு மைகளில் ஒன்றான சயான் என்னும் நீலம். சாம்பார், வடை, தோசை, அல்வா என்று நம் உணவுகள் மஞ்சளும் மெஜந்தா என்னும் சிவப்பு மையும் கலந்த வெதுவெதுப்பான நிறங்கள். அவற்றில் சயான் கூடக்கூட நிறம் சாம்பல் பூத்துப்போகும். மஞ்சள் 85, மெஜந்தா 50 அளவில் உள்ள சாம்பாருக்குச் சயான் 15 சதவீதம் என்றால் புளிப்பு தெரியும். அதுவே 40 ஆனால் சேறு. கறுப்பைக் கொண்டு நிழல் போடுவதும் இதே கேட்டைச் செய்யும். நிழலுக்கு மெஜந்தாவைக் கூட்டிப் பாருங்கள். இட்லி, சோறு, தயிர், தேங்காய்ச் சில் ஆகியவை வெள்ளைத் தாளில் மறைந்துபோகும். 5 சதவீதத்துக்குக் கீழான மைப்புள்ளி அச்சில் நிற்காமல் போகலாம். ஆகவே இட்லியின் நிழலை 10, 15 சதவீதமாவது வைத்து, அடியில் இலையையோ எவர்சில்வர் தட்டையோ வையுங்கள். மேற்பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும், எல்லாம் ஒரு படி இருண்டு வரும். அதற்கென்று படத்தை வெளுப்பாக்கித் தனிக் கோப்பு தயார் செய்ய வேண்டும். மேற்பூச்சுள்ள ஆர்ட் தாளுக்குச் செய்த கோப்பையே மேப்லித்தோவுக்கும் அனுப்பிவிட்டு அச்சகத்தைத் திட்டுவதில் நியாயமில்லை.

எழுத்து முழுக்கக் கறுப்பு ஒரே நிறத்தில் இருக்கட்டும். நாலு நிறம் கலந்த கறுப்பில் போட்டால், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத்தகடு (பிளேட்) இம்மியளவு விலகினாலும் ‘ஞ’, ‘ணை’ போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அதைச் செய்யக் கூடாது.

சாப்பாட்டுப் புத்தகத்தைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பார்ப்பார்கள். மேட் லேமினேஷன் பார்க்க அழகு, ஆனால் எண்ணெய் விரல் அதில் அப்படியே நிற்கும். அட்டைக்குப் பளபளப்பு லேமினேஷன் போட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். உள்தாளின் எடை 130 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 130 கிராமுக்கு) குறைந்தால் பின்பக்கத்துப் படம் தெரியத் தொடங்கும். புரட்டுமுன்னே விடை தெரிந்துவிடும். ஒப்பந்தப்புள்ளியில் தாளின் எடையைக் குறைத்து விலையைக் குறைக்கும் குழுவினர் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு முன்மாதிரிகளைப் பார்த்துச் செய்வதில் தப்பில்லை, எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. 1845-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹாஃப்மன் வெளியிட்ட நூலில், சூப் வேண்டாம் என்று அடம்பிடித்த பையன் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். நம் வயிற்றுவலிக் கதைகள் அந்த மிரட்டலுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். 1969-இல் வந்த எரிக் கார்லின் கம்பளிப்புழு நூல் வேறு வழி. புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று வெள்ளிக்கு ஐந்து ஆரஞ்சு வரை போய், சனிக்கிழமை கண்டதையும் தின்று வயிற்றுவலிப்படுகிறது. மறுநாள் ஒரு பச்சை இலை தின்றதும் சரியாகிறது. யாரும் அதைத் திட்டுவதில்லை. தின்றதெல்லாம் வளரத்தான் என்று பட்டாம்பூச்சியாகி நிரூபிக்கிறது. புழு தின்ற தடமாக அந்த நூலின் தாளில் உள்ள ஓட்டைகளுக்கான யோசனை காகிதம் துளைக்கும் கருவியிலிருந்து வந்தது. அப்போது அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சிட முடியாமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். அந்த அச்சுச் செலவையும் அமைப்பையும் படியுங்கள். சலாமியையும் செர்ரி பையையும் அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். எண்ணுவதற்கு நமக்கு நாவற்பழமும் கொய்யாவும் பனங்காயும் இருக்கின்றன.

காய்கறி சாப்பிட வைக்க மிரட்டல் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், ஒரு காயைப் பற்றிய பட நூலைப் பெற்றோர் இரண்டு வாரம் தினமும் சில நிமிடம் காட்டியபோது சிறு பிள்ளைகள் அந்தக் காயை ஏற்பது கூடியது. ஆகவே கத்தரிக்காயைத் தட்டில் மட்டும் காட்டாமல் அதன் ஊதாப் பூ, முள்ளுள்ள காம்பு, சந்தைக் கூடை, நறுக்கியதும் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடுவது, தாளிக்கும் சத்தம் என்று 16 பக்கத்தில் காட்டுங்கள். ‘சாப்பிட்டால் நல்ல பிள்ளை’ என்ற வரி வேண்டாம்.

தேர்வுக் குழுவினருக்குக் குறிப்பாகச் சில. நூலை மேசையில் வைத்துத் தலைப்பையும் விலையையும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ஆறேழு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். 16 பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததைப் பார்த்துச் சிரித்தால் நூல் பிழைத்தது. உடம்பைப் பார்த்துச் சிரித்து, உடனே வகுப்பில் ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றால், தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நிராகரியுங்கள். பதிப்பாளர்கள் இதே சோதனையைப் பென்சில் கோட்டுப் படத்தின் நகலை மடித்துப் பின் அடித்த மாதிரிப்படியிலேயே செய்யலாம். அந்தக் கட்டத்தில் மாற்ற ஒரு அழிப்பான் போதும். வண்ணம் தீட்டிய பிறகு ஓவியருக்கு மறுபடி கூலி கொடுக்க வேண்டும், கொடுப்பதும் இல்லை.

‘மீதூண் விரும்பேல்’ என்று ஔவை சொன்னதை எங்களுக்கு எதிராக யாராவது மேற்கோள் காட்டினால் மகிழ்ச்சியே. அதே ஆத்திசூடியில் ‘ஐயமிட்டு உண்’ என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால்தான் நாங்கள் சொன்ன மூன்று பொருள் படம் வருகிறது. அவள் கட்டம் கட்டி ‘நீதி’ என்று தலைப்புப் போடவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியலுக்கு அனுப்ப ஏற்கெனவே அச்சுக்கோப்பு தயாராகிவிட்ட நூல்கள் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், முன்னுரையைப் பின்னட்டைக்குத் தள்ளுங்கள், பிளேட் போடுமுன் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

இப்படிக்கு,
பட நூல்களுக்கு எழுதுவோர், வரைவோர், பக்கம் கட்டுவோர், வாசித்துக் காட்டுவோர் சிலர்